ஆராய்ச்சி ஏஜென்ட்டுகளில் எதை நம்பலாம்? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

கேள்வியைக் கொடுத்தால் இணையத்தில் தானாகத் தேடி, பல பக்கங்களைப் படித்து, ஆதாரச் சுட்டிகளோடு (லிங்க்) அறிக்கை எழுதித் தரும் ஏஐ ஏஜென்ட்டுகள் இப்போது நிறைய வந்துவிட்டன. 2024 டிசம்பரில் கூகுள், ஜெமினியில் 'டீப் ரிசர்ச்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் சாட்ஜிபிடியிலும் பெர்ப்ளெக்சிட்டியிலும் அதே பெயரில் வந்தது. ஏப்ரலில் கிளாடும் சேர்ந்துகொண்டது. என் வேலைக்கு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தபோது நான் வகுத்துக்கொண்ட முறைதான் இது. கணக்கு தொடங்குவது, அந்த வசதி எந்த மெனுவில் இருக்கிறது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

படி 1: விடை தெரிந்த கேள்வியைக் கேளுங்கள்

விடை தெரியாத கேள்வியைக் கேட்டால் எல்லா அறிக்கையும் அருமையாகத்தான் தெரியும். உங்களுக்கு அத்துப்படியான விஷயத்தில், எண்கள் ஒன்றோடொன்று குழம்பக்கூடிய ஓர் இடத்தைப் பிடியுங்கள். நான் வைத்திருக்கும் கேள்வி: "கையா தேர்வில் மொத்தம் எத்தனை கேள்விகள்? மனிதர்கள் எத்தனை சதவீதம் சரியாகச் சொன்னார்கள், ஜிபிடி-4 எத்தனை சதவீதம்? மூல ஆய்வுக்கட்டுரையிலிருந்து மட்டும் சொல்."

கையா (GAIA) என்பது பொதுப்பயன் ஏஐ உதவியாளர்களைச் சோதிக்க 2023 நவம்பரில் வெளியான தேர்வு. மொத்தம் 466 கேள்விகள். மனிதர்கள் 92 சதவீதம், பிளக்-இன்கள் என்ற கூடுதல் கருவிகளோடு ஓபன்ஏஐயின் ஜிபிடி-4 மாடல் வெறும் 15 சதவீதம்.

படி 2: எல்லாவற்றுக்கும் ஒரே ப்ராம்ப்ட்

ப்ராம்ப்ட் என்பது நீங்கள் ஏஜென்ட்டுக்கு எழுதிக் கொடுக்கும் கேள்வி அல்லது கட்டளை. புது உரையாடலில் கேளுங்கள். பழைய உரையாடல்களை நினைவில் வைக்கும் நினைவக வசதியை அணைத்துவிடுங்கள். சில ஏஜென்ட்டுகள் முதலில் எதிர்க்கேள்வி கேட்கும், சில தேடல் திட்டத்தைக் காட்டி ஒப்புதல் கேட்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைக் கொடுங்கள். எனக்குத் திட்டத்தைக் காட்டும் ஏஜென்ட்தான் பிடிக்கும். கேள்வியை அது எப்படிப் புரிந்துகொண்டது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

படி 3: சுட்டிகளைத் திறந்து படியுங்கள்

முழு முறையும் இந்தப் படியில்தான் நிற்கிறது, அவசரப்படாதீர்கள்.

அறிக்கையில் எண், தேதி, பெயர் வரும் வாக்கியங்களை மட்டும் எடுத்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒட்டுங்கள். பக்கத்தில் மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) போதும்: சுட்டி திறக்கிறதா, அந்தப் பக்கம் அதைச் சொல்கிறதா, அது மூல ஆதாரமா அல்லது வேறெங்கிருந்தோ எடுத்து எழுதியதா.

இரண்டாவது பத்திதான் ஏமாற்றும். என் கேள்விக்கு ஒரு ஏஜென்ட் "300 கேள்விகள்" என்று எழுதி, சரியான ஆய்வுக்கட்டுரைக்கே சுட்டியும் கொடுத்தது. கட்டுரையைத் திறந்து கண்ட்ரோல்-எஃப் அழுத்தி 300 என்று தேடினால் எண் கிடைக்கிறது! ஆனால் அந்த வாக்கியத்தை முழுதாகப் படித்தால், தரவரிசைப் பட்டியலுக்காக விடைகளை வெளியிடாமல் வைத்துக்கொண்ட கேள்விகளின் எண்ணிக்கை அது. சுட்டியும் சரி, எண்ணும் அங்கே இருக்கிறது, சொன்ன தகவல் மட்டும் தவறு. ஆகவே எண் கண்ணில் பட்டதும் சரி என்று குறித்துவிடாமல், அந்த வாக்கியத்தையும் அதற்கு முன்பின் உள்ள இரண்டு வாக்கியங்களையும் படியுங்கள்.

இப்படிச் சரிபார்த்த பிறகு, அறிக்கையின் நீளம் எனக்கு ஒரு பொருட்டாகவே படுவதில்லை. சரிபார்க்க எளிதான இரண்டு பக்கத்தை, சரிபார்க்கவே முடியாத இருபது பக்கத்துக்கு மேலாக வைப்பேன். தரவரிசைப் பட்டியல்களையும் பார்க்கலாம், ஆனால் அவை உங்கள் துறையின் கேள்விகளைக் கேட்பதில்லை.

படி 4: மறுநாள் அதே கேள்வி

விடை மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அந்த ஏஜென்ட்டின் ஒரே ஓர் அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

படி 5: எல்லா வேலையும் செய்யும் ஏஜென்ட்டுக்கு நகர்வது

படித்து எழுதுவதோடு நிற்காமல், பிரவுசரை இயக்குவது, படிவம் நிரப்புவது, கோப்பு தயாரிப்பது என்று போகிறவை இவை. 2025 மார்ச்சில் மேனஸ் வந்தது. ஜூலையில் ஓபன்ஏஐ தன் டீப் ரிசர்ச்சையும் பிரவுசரை இயக்கும் ஆபரேட்டரையும் இணைத்து சாட்ஜிபிடி ஏஜென்ட் என்று வெளியிட்டது.

இங்கே கணக்கு கடுமையாகிறது. ஒவ்வொரு படியையும் 95 சதவீதம் சரியாகச் செய்யும் ஏஜென்ட், 20 படி கொண்ட வேலையைப் பிசகில்லாமல் முடிக்கும் வாய்ப்பு சுமார் 36 சதவீதம்தான். படிக்கு 99 சதவீதம் என்றால் அது 82 ஆகிறது. மேலும், தவறான அறிக்கையைப் படி 3 பிடித்துவிடும், அனுப்பிவிட்ட மின்னஞ்சலை எந்தப் படியும் திரும்பக் கொண்டுவராது. ஒரு வலைப்பக்கத்தில் மறைத்து எழுதிய கட்டளைகளை ஏஜென்ட் உங்கள் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

எதிர்காலம் இல்லை என்று சொல்லவில்லை. மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு 2025 மார்ச்சில் வெளியிட்ட அளவீட்டின்படி, ஏஜென்ட்டுகள் முடிக்கக்கூடிய வேலையின் நீளம் (அதை மனிதர் செய்ய ஆகும் நேரக் கணக்கில்) ஏறத்தாழ ஏழு மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகி வந்திருக்கிறது. ஆனால் பாதி முறை வெற்றி என்ற அளவுகோலில் எடுத்த கணக்கு அது. என் கணிப்பு: செய்ததைச் சட்டென்று சரிபார்க்க முடிகிற இடங்களில் இவை முதலில் வேரூன்றும். நிரல் எழுதுவது அப்படிப்பட்டது, நிரல் சரியா என்று பார்க்கும் டெஸ்ட்டை ஓட்டினால் தெரிந்துவிடும். பொறுப்பு பெரிதாகவும் சரிபார்ப்பு கடினமாகவும் உள்ள இடங்களுக்கு வர நாளாகும்.

சோதித்துப் பார்க்க நினைத்தால், எந்த லாகினும் சேமிக்காத தனி பிரவுசர் கணக்கில் செய்யுங்கள். "வரைவோடு நிறுத்து, அனுப்பாதே" என்று ப்ராம்ப்ட்டிலேயே எழுதுங்கள். அதோடு, அனுப்பும் அனுமதியையே கொடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

பின்சேர்க்கை: சுட்டி திறக்காவிட்டால் இட்டுக்கட்டியது என்று குறித்துவிடலாமா என்று சிலர் கேட்டார்கள். உடனே வேண்டாம். முகவரியை, வலைப்பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள், பக்கம் நீக்கப்பட்டிருக்கலாம். கட்டணச் சுவருக்குப் பின்னால் உள்ள கட்டுரைகள் வேறு ரகம். அங்கே ஏஜென்ட் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முழுக் கட்டுரையையும் படித்ததுபோல் எழுதியிருக்க வாய்ப்புண்டு. அவற்றுக்கு ஸ்ப்ரெட்ஷீட்டில் நான்காவதாக ஒரு பத்தி சேர்த்துக்கொண்டேன்: முழுதும் படிக்கக் கிடைக்கிறதா?