'கான்' என்றாலே செங்கிஸ்கான் வம்சமா?

மங்கோலியப் பேரரசர் செங்கிஸ்கானின் குடும்பப் பெயர்தான் 'கான்' என்று நினைப்பதில் முதல் குழப்பம் தொடங்குகிறது. அவருக்கு வைத்த பெயர் தெமுஜின்; குலம் போர்ஜிகின். 1206-இல் ஓனான் ஆற்றங்கரையில் கூடிய குலத்தலைவர்கள் சூட்டிய பட்டம்தான் செங்கிஸ்கான். கான் என்றால் அரசர். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே புல்வெளி மக்களிடம், மங்கோலியரிடமும் துருக்கியரிடமும், புழங்கிய சொல் அது. நம் கானகத்தில் உள்ள 'கான்' வேறு. ஒலியை வைத்து முடிச்சுப் போட வேண்டாம்.

அது முஸ்லிம் பெயராகவே பிறந்தது என்பதும் தவறு. செங்கிஸ்கான் வணங்கியது தெங்ரி என்ற வானத்தை. 1258-இல் முஸ்லிம் கலீபாவின் தலைநகரான பாக்தாத்தை அழித்த ஹுலாகு கான் அவருடைய பேரன்.

சரி, இன்று கான் என்று பெயர் வைத்திருப்பவர்கள் எல்லாம் யார்? டில்லி சுல்தான்களும் முகலாயர்களும் தளபதிகளுக்கு இதைப் பட்டமாகக் கொடுத்தார்கள். பட்டாணியரிடம் மரியாதைச் சொல்லாக ஒட்டிக்கொண்டு, பிறகு குடும்பப் பெயராகவே நிலைத்தது. ஆங்கிலேயர்கூட 'கான் பகதூர்' பட்டம் வழங்கினார்கள். நம் மருதநாயகம் இஸ்லாத்தைத் தழுவித்தான் முகமது யூசுப் கான் ஆனார். 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட அந்தக் கான்சாகிபை மங்கோலியர் என்று யாராவது சொல்வோமா?

2003-இல் வந்த மரபணு ஆய்வையும் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆசியாவின் பெரும்பரப்பில் ஏறக்குறைய 8 சதவீத ஆண்களிடம் ஒரே தந்தைவழி மரபுக்கோடு இருப்பதாக அது சொன்னது. அது செங்கிஸ்கான் வழி என்பது ஊகம்தான். ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய கல்லறையே இதுவரை கிடைக்கவில்லை. குடும்பப் பெயருக்கும் அந்தக் கணக்குக்கும் தொடர்பே இல்லை.

பெரிய வெற்றிவீரர் என்றால் கான்தான் என்பது இதற்கு நேர்மாறான தவறு. எனக்கு மிகவும் வியப்பூட்டுவது இந்த இடம்தான். 1398-இல் டில்லியைச் சூறையாடிய தைமூர் தன்னைக் கான் என்று அழைத்துக்கொள்ளவில்லை. செங்கிஸ்கானின் ஆண்வழியினருக்கே அந்தப் பட்டம் உரியது என்று மத்திய ஆசியாவில் இருந்த மரபை அத்தனை படைபலம் இருந்தும் அவரால் மீற முடியவில்லை. அமீர் என்ற பட்டத்தோடு நின்றார். அந்த வம்சத்துப் பெண்ணை மணந்ததால் 'குர்கான்', அதாவது மருமகன், என்றும் போட்டுக்கொண்டார். அதில் கேட்கும் 'கான்' நாம் பேசும் கான் அல்ல!

அப்புறம், இந்தக் குடும்பப் பெயரை மங்கோலியாவில் போய்த் தேடாதீர்கள். அங்கே இன்றும் தந்தை பெயரைத்தான் முன்னால் போடுகிறார்கள், நம் இனிஷியல் போல. கம்யூனிஸ்ட் ஆட்சியில் கைவிடப்பட்ட குலப்பெயர்கள் 1990-களுக்குப் பிறகு திரும்ப வந்தபோது, ஏராளமானோர் விரும்பி எடுத்துக்கொண்ட பெயர் போர்ஜிகின்.