ஐந்து பேர் எழுத ஒரு கடைமடை ஊர்

பல பேர் சேர்ந்து ஒரே கற்பனை ஊரில் கதை எழுதலாம் என்று உட்கார்ந்ததும் எல்லாரும் பாத்திரங்களைத்தான் யோசிப்பார்கள். அதைத் தள்ளிப்போடுங்கள். காவிரி டெல்டாவில் நடவு, கடன், கல்யாணம், வெட்டுக்குத்து எல்லாம் தண்ணீர் வரும் நாளைப் பார்த்து நடப்பவை. தண்ணீர் எந்த வழியாக, எப்போது வருகிறது என்பதில் ஐவரும் ஒத்துக்கொண்டால், ஆட்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

எடுத்துக்காட்டுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் 'நெட்டிக்கோட்டகம்' என்று ஓர் ஊர் என்று வையுங்கள். பெயர் வைத்த கையோடு, வட்டத்தின் வருவாய்க் கிராமப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிஜ ஊராக இருந்தால் அங்கிருக்கும் யாரோ ஒருவர் கதையில் தன் மாமாவைக் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்து வரைபடம். மேட்டூர், கல்லணை, வெண்ணாறு, வெண்ணாறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலத்து மூணாறு தலைப்பு, கோரையாறு வரை எல்லாம் நிஜம், அதில் கைவைக்காதீர்கள். கோரையாற்றிலிருந்து பிரியும் வாய்க்காலிலிருந்து கற்பனை தொடங்கட்டும். ஒரு சார்ட் அட்டையில் பாசன வாய்க்கால், மதகு, கிளை வாய்க்கால், வடிகால் என்ற வரிசையில் வரைந்துவிட்டு, அதன் பிறகே தெருக்களைப் போடுங்கள். வடிகாலை மறப்பவர்கள்தான் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோட்டகத்து வயல், அதாவது பள்ளமான வயல், மூழ்குவதும் அதில் வரும் சண்டையும் வடிகால் இல்லாமல் எழுத வராது.

பிறகு நாட்காட்டி. மேட்டூர் அணை திறக்க வேண்டிய வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. இதை மட்டும் நம்பி எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். 2012 முதல் 2019 வரை ஓராண்டுகூட ஜூன் 12-இல் அணை திறக்கவில்லை; 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். கதை நடக்கும் ஆண்டை முதலில் முடிவு செய்து, அந்த ஆண்டின் திறப்புத் தேதியைப் பழைய நாளிதழில் பாருங்கள். கல்லணை திறந்த பிறகும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டச் சாதாரணமாகப் பத்து நாளாவது வையுங்கள். கல்லணை திறந்த மறுநாளே நெட்டிக்கோட்டகத்தில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்தால், அந்தப் பக்கத்து வாசகர் அங்கேயே மூடி வைத்துவிடுவார். முதல் போகமான குறுவை நெல் கிடைக்காத ஊர், அடுத்து வரும் சம்பா ஒருபோகம்தான் என்று முடிவு செய்தால் அறுவடை தை, மாசியில்; புரட்டாசியில் களத்துமேட்டுக் காட்சி வரக் கூடாது.

ஆண்டு தொடர்பான பிழைகள் நிர்வாகத்திலும் வரும். திருத்துறைப்பூண்டி 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 1997 முதல் திருவாரூர். மனு கொடுக்கப் போகிறவர் எந்த ஊர் பஸ் ஏறுகிறார் என்பதே மாறிப்போகும். பரம்பரைக் கணக்குப்பிள்ளை பதவி 1980-இல் ஒழிந்தது. 1985 கதையில் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.தான் வர வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அடுத்த ஆண்டு கதையில் தென்னந்தோப்பு செழித்து நிற்கக் கூடாது.

நில அளவும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு வேலிக்கு 20 மா; ஏக்கருக்குத் தோராயமாக மூன்று மா. ஒருவர் 'அஞ்சு மா' என்றும் இன்னொருவர் அதே நிலத்தை 'அஞ்சு ஏக்கர்' என்றும் எழுதினால், குடும்பத்தின் வசதி மூன்று மடங்கு ஏறிவிடும்.

இனி ஆட்கள். ஒரு பேரேடு போடுங்கள்: பெயர், பிறந்த ஆண்டு, தெரு, நிலம், உருவாக்கியவர், யார் யாரை எப்படிக் கூப்பிடுவார். கடைசிக் கட்டம்தான் முக்கியம். முதல் கதையில் 'சித்தப்பா' என்று அழைத்தவனை மூன்றாம் கதையில் 'மாமா' என்று அழைத்தால், கல்யாண முறையே தலைகீழாகிவிடும். ஐவரும் ஒரே தெருவிலிருந்து வந்தவர்களாக இருந்தால் மற்ற தெருக்கள் வெறும் பின்னணியாகிவிடும். அப்படியொரு ஊரை எழுதாமலே இருக்கலாம். டீக்கடைக்காரர், கண்டக்டர், மதகுக்கு ஷட்டர் ஏற்றும் லஸ்கர் போன்றவர்கள் பொது ஆட்கள். மற்றவர்களை யாரும் கதைக்குள் கொண்டுவரலாம்; சாகடிக்கவோ, கல்யாணம் பண்ணிவைக்கவோ, ஊரைவிட்டு அனுப்பவோ உருவாக்கியவரின் சம்மதம் வேண்டும்.

ஒவ்வொரு கதை முடிந்ததும் எழுதியவர் ஐந்து வரி கொடுக்க வேண்டும்: நடந்த தேதி, புதிதாக வந்தவர், செத்தவர், கைமாறிய நிலம், வரைபடத்தில் மாற்றம். பேரேட்டைத் திருத்தும் உரிமை ஒருவருக்கு மட்டும். எல்லாரும் திருத்தினால் இரண்டே மாதத்தில் இரண்டு பேரேடு ஆகிவிடும்.

உரிமையை எழுத்தில் வையுங்கள். தனித்தனியாக எழுதிய கதைக்கு அவரவரே உரிமையாளர். பங்கைப் பிரிக்க முடியாதபடி இருவர் சேர்ந்து எழுதியதைத்தான் 1957 பதிப்புரிமைச் சட்டம் கூட்டுப் படைப்பாகப் பார்க்கிறது. உரிமை மாற்றம் கையெழுத்திட்ட தாளில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்று கொள்ளப்படும். ஒருவர் விலகினால் அவருடைய ஆட்களை மற்றவர்கள் தொடரலாமா, தொகுப்பாக வந்தால் பணம் எப்படிப் பிரியும் என்ற இரண்டையும் முதல் கதைக்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒருவர் கதை பரிசு வாங்கிய பிறகு இந்தப் பேச்சை எடுப்பது சிரமம்.