பம்பர் தகரம் இல்லை: ஒட்டுவதிலும் பெயிண்டிலும் நடக்கும் தவறுகள்

நேரு வீதியில் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போதும், கடலூர் திருப்பாதிரிப்புலியூர் நெரிசலில் பைக் உரசும்போதும் முதலில் அடி வாங்குவது பம்பர்தான். பட்டறைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது, ‘ஷேடு மேட்ச் ஆகுமா?’ அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஷேடு கச்சிதமாகப் பொருந்திய பம்பர்கூடச் சில மாதத்தில் செதில் செதிலாக உரியும். கதவுக்கும் பானெட்டுக்கும் செய்கிற அதே வேலையைப் பிளாஸ்டிக்குக்கும் செய்வதால் வருகிற வினை அது.

கழற்றிப் பார்க்காமலே ‘ஒட்டிடலாம்’, ‘மாத்திடலாம்’ என்று முடிவெடுப்பதில்தான் தவறு தொடங்குகிறது. வெளியே ஒரு கீறல் மட்டும் தெரியும். உள்ளே பக்கவாட்டு பிராக்கெட் உடைந்திருக்கும், அடியைத் தாங்கும் ஃபோம் நசுங்கியிருக்கும், அதற்குப் பின்னால் உள்ள இரும்பு பீம் வளைந்திருக்கும். பிராக்கெட்டை மாற்றாமல் புது பம்பரையே போட்டாலும் ஃபெண்டர் (டயருக்கு மேலுள்ள பக்கத் தகடு) ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி விழும். நடுப்பகுதியில் ஓர் ஒற்றை விரிசல் என்றால் தாராளமாக ஒட்டலாம். மாட்டும் காதுகள் துண்டாகிப் போயிருந்தாலோ, சென்சார் உட்காரும் இடம் பிளந்திருந்தாலோ மாற்றிவிடுவதே மேல்.

ஒட்டுவதாக இருந்தால் பம்பரின் உள்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். பெரும்பாலான கார்களில் பிபி, ஈபிடிஎம், டிடி20 என்பது போல இருக்கும். ரப்பர் கலந்த பாலிபுரொப்பிலீன், அதில் நூற்றுக்கு 20 பங்கு டால்க் என்ற கனிமத் தூள் என்று அர்த்தம். இந்தப் பிளாஸ்டிக்கின் மேல் எதுவும் எளிதில் ஒட்டாது. சூப்பர் குளூ ஓரிரு நாள் பிடித்திருக்கும், முதல் வேகத்தடையில் விட்டுவிடும். ஏபிஎஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கின் கம்பியை வைத்து வெல்டிங் செய்தாலும் இதே கதிதான். பிபிக்கு பிபி கம்பிதான். விரிசல் முடியும் முனையில் 3 மில்லிமீட்டர் துளை போடாவிட்டால், ஒட்டிய பிறகும் அது மேலே ஓடிக்கொண்டே இருக்கும். துளை போட்டதும் முன்பக்கம் பாதி ஆழத்துக்கு ‘வி’ வடிவில் பள்ளம் எடுங்கள். பின்பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டேப்பிளைச் சூடாக்கி, விரிசலுக்குக் குறுக்கே புதையுங்கள். பிறகு கம்பியை உருக்கிப் பள்ளத்தை நிரப்பலாம். புகை வந்தால் சூடு அதிகம். அந்தப் பிளாஸ்டிக் கருகிவிட்டது, பிடிக்காது.

அடுத்தது பட்டி, அதாவது மேடுபள்ளத்தை நிரப்பும் பசை. தகரத்துக்குப் பூசும் பாலியெஸ்டர் பட்டி காய்ந்தால் கல். பம்பரோ வளையும் பொருள். ஒருவர் பானெட் மேல் கை ஊன்றி முழங்காலைப் பம்பரில் சாய்த்தாலே பட்டியில் மயிரிழை விரிசல் விழும். பிளாஸ்டிக் பட்டி என்று தனியாகவே கிடைக்கிறது. அதை மெல்லிசாக இழுத்து, 180 உப்புத்தாளில் மட்டம் செய்து, 320-இல் கோடுகளை எடுக்க வேண்டும். வெறுமனே உள்ளே அமுங்கிய பம்பருக்குப் பட்டியே வேண்டாம். கொதிநீரை ஊற்றி உள்ளிருந்து தள்ளினால் பெரும்பாலும் எழும்பிவிடும்.

பெயிண்ட் உரிவதற்கு முக்கியக் காரணம், பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் பூசும், பிளாஸ்டிக்குக்கான ஒட்டு பிரைமரைப் பூசாததும் சரியாகத் துடைக்காததும். புதிதாக வாங்கிய, எதுவும் பூசாத வெறும் பிளாஸ்டிக் பம்பரில், அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழுவழுப்பான படலம் இருக்கும். கடலோரத்தில் ஓடிய பழைய பம்பரில் உப்பும் வாக்ஸும் இருக்கும். உப்பு தின்னரில் கரையாது, துடைத்தால் பரவும். அதனால் முதலில் சோப்புத் தண்ணீர், பிறகுதான் டீகிரீசர் என்ற பிசுக்கு நீக்கும் திரவம். ஒரு துணியால் ஈரமாகத் துடைத்து, காயும் முன்பே இன்னொரு உலர்ந்த துணியால் எடுக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றித் துடைப்பதை அனுமதிக்காதீர்கள். பிளாஸ்டிக் அதை உறிஞ்சி, பிறகு பெயிண்டுக்கு அடியிலிருந்து கக்கும். கம்பெனியிலிருந்தே பிரைமர் பூசி வரும் பம்பருக்கு ஒட்டு பிரைமர் தேவையில்லை. தேய்த்ததில் பிளாஸ்டிக் வெளியே தெரிந்த இடங்களில் மட்டும் போட்டால் போதும்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன் பம்பரை ஒருமுறை வண்டியில் மாட்டிப் பாருங்கள். ஒரே மாடலில்கூட வேரியண்டுக்கு வேரியண்ட் ஃபாக் லேம்ப் பள்ளமும் சென்சார் துளையும் மாறும். வெளிச்சந்தை பம்பர் கிளிப்பில் உட்காராமல் துருத்தும். பெயிண்ட் அடித்த பிறகு யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி ஷேடு. கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ கலர் குறியீட்டு எண் இருக்கும். அந்த எண்ணை மட்டும் மிக்சிங் கடையில் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. ஒரே எண்ணுக்குப் பல சாயல்கள் உண்டு. வெயிலில் நின்ற வண்டியின் நிறமும் நகர்ந்திருக்கும். பக்கத்து ஃபெண்டரைக் கழுவி, பாலிஷ் போட்ட பிறகு ஒப்பிடுங்கள். சின்ன அட்டையில் அதே ஸ்ப்ரே கன்னால் அடித்து, மேலே பளபளப்புக்கான நிறமற்ற கிளியர் கோட்டும் பூசி, காய்ந்ததும் பகல் வெளிச்சத்தில் நேராகவும் சரிவாகவும் வைத்துப் பார்க்க வேண்டும். டியூப்லைட்டுக்குக் கீழே பொருந்துவது பீச் ரோட்டில் பல்லிளிக்கும். மெட்டாலிக் சில்வரில் பெயிண்ட் ஈரமாக விழுந்தால் கருத்தும், உலர்வாக விழுந்தால் வெளுத்தும் காட்டும். எனவே பம்பரைத் தரையில் படுக்கப் போட்டு அடிக்காமல், வண்டியில் நிற்கிற வாக்கில் ஸ்டாண்டில் மாட்டி அடிக்கச் சொல்லுங்கள். பேர்ல் வெள்ளை பெரும்பாலும் மூன்று அடுக்கு; நடு அடுக்கை எத்தனை முறை அடித்தார்கள் என்பதே நிறத்தைத் தீர்மானிக்கும். ஒன்றையும் நினைவில் வையுங்கள்: பம்பரைப் பொதுவாகத் தொழிற்சாலையிலேயே தனியாக, குறைந்த சூட்டில்தான் பெயிண்ட் செய்கிறார்கள். புது வண்டியிலும் இம்மி வித்தியாசம் இருக்கும். புது வண்டிப் பம்பரைவிடத் துல்லியம் கேட்டுப் பட்டறைக்காரரோடு மல்லுக்கட்டுவதில் நியாயமில்லை.

நம் கடலோரக் காற்றுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட இடைவெளியில் திறந்த கொட்டகையில் வேகமாகக் காயும் தின்னர் போட்டு அடித்தால், ஈரம் படிந்து பெயிண்ட் பால்போல வெளுக்கும். மெதுவாகக் காயும் தின்னர் வேண்டும். கம்ப்ரஸர் டேங்கில் தேங்கிய தண்ணீரைக் காலையிலேயே திறந்துவிடாவிட்டால் குழாய் வழியே வந்து குட்டிக் குட்டிக் குழிகளாக விழும். கிளியர் கோட்டை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கண்ணளவில் ஊற்றக் கூடாது. டப்பாவில் 2:1 என்றால் 2:1, 4:1 என்றால் 4:1.

பார்க்கிங் சென்சாரைக் கழற்றாமல் அதன்மேல் கனமாகப் பெயிண்ட் அடித்தால், எதிரே ஒன்றுமில்லாமலே பீப் அடிக்கும்.

இன்சூரன்ஸில் போடுவதானால் கழற்றுவதற்கு முன்பே தகவல் சொல்லிவிடுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 1500 சிசி வரையிலான காருக்கு நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1000 ரூபாய். ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளைம் போனஸும் (பிரீமியத் தள்ளுபடி), அதற்குப் பாதுகாப்பு எடுத்திருக்காவிட்டால், அடுத்த புதுப்பிப்பில் போய்விடும். சின்ன விரிசலுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கைக்காசு கொடுப்பதே பலருக்கு லாபம்.

வண்டி கைக்கு வந்த பிறகு ஒரு மாதம் வாக்ஸ் போட வேண்டாம்; உள்ளே மீந்த தின்னர் வெளியேற வழி வேண்டும். பிரஷர் வாஷையும் பம்பர் ஓரத்தில் நெருக்கிப் பிடிக்க விடாதீர்கள். மிக்சிங் கடையில் கலந்த ஃபார்முலாச் சீட்டை ஆர்சி புத்தகத்தோடு வைத்துக்கொண்டால், அடுத்த உரசலுக்கு அதே சாயலிலிருந்து தொடங்கலாம்.