சிறுநீரகமும் கால்சியமும்: சறுக்கும் இடங்கள்

சிறுநீரகம் கால்சியத்தை எப்படிக் கையாள்கிறது என்று கேட்டால், "பாராதைராய்டு ஹார்மோன் வரும், செல்கள் கால்சியத்தை இழுத்துக்கொள்ளும்" என்ற பதில்தான் அதிகம் வரும். பொய்யில்லை. ஆனால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளிலிருந்து வரும் இந்த ஹார்மோன் கைவைப்பதற்குள் பெரும்பகுதி வேலை முடிந்துவிடுகிறது.

ரத்தத்திலிருந்து சிறுநீரகத்தின் நுண்குழல்களுக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் கால்சியம் வடிகட்டப்படுகிறது. அதில் சிறுநீரில் போவது ஒன்றிரண்டு சதவீதமே; மீதி ரத்தத்துக்கே மீள உறிஞ்சப்படுகிறது. இந்தக் கணக்கைப் போடும்போது ரத்தத்தின் மொத்தக் கால்சியத்தையும் எடுத்துக்கொள்வது முதல் தவறு. சுமார் 40% அல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது வடிகட்டியைத் தாண்டாது.

அடுத்தது எல்லாரும் செய்வது: மீள உறிஞ்சப்படும் கால்சியம் முழுவதும் செல்லுக்குள் புகுந்து போகிறது என நினைப்பது. வடிகட்டியை அடுத்து முதலில் வரும் அண்மைச் சுருண்ட நுண்குழலில் 60–65% திரும்புகிறது. அதில் பெரும்பங்கு சோடியமும் நீரும் போகும் போக்கில், செல்களுக்கு இடையிலுள்ள சந்து வழியாகப் போய்விடும். அதற்கடுத்து U வடிவில் வளையும் ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில் இன்னொரு 20–25%. அங்கேயும் சந்துதான். கிளாடின்-16, கிளாடின்-19 என்ற புரதங்கள் வழிவிட, குழலுக்குள் இருக்கும் நேர்மின்னழுத்தம் கால்சியத்தை வெளியே தள்ளுகிறது. ஃபியூரோஸமைடு என்ற சிறுநீர்ப்பெருக்கி மருந்து அந்த மின்னழுத்தத்தைக் குலைப்பதால்தான் சிறுநீரில் கால்சியம் கூடுகிறது.

செல்லுக்குள் புகுந்து போகும் வழி அதற்கும் அப்பால் உள்ள சேய்மைச் சுருண்ட நுண்குழலிலும் அதை ஒட்டிய இணைப்புக் குழலிலும் இருக்கிறது. பங்கு 10 சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டி-யும் நுணுக்கமாகத் திருகிச் சரிசெய்வது இங்கேதான். உள்ளே நுழையவே ஆற்றல் வேண்டும் என்று சிலர் எழுதுவார்கள். இல்லை. செல்லுக்குள் கட்டற்ற கால்சியம் வெளியே இருப்பதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. செல்லின் சவ்வில் உள்ள டிஆர்பிவி5 என்ற கால்சியம் வாயில் திறந்தால் தானாகவே பாயும். பாய்ந்தது அப்படியே திரிந்தால் செல்லுக்கு ஆபத்து என்பதால் கால்பிண்டின் என்ற புரதம் அதைப் பிடித்து மறுகரைக்குக் கடத்துகிறது. ஆற்றல் செலவாவது ரத்தப்பக்கம் வெளியேற்றும்போது: சோடியம்–கால்சியம் மாற்றியும் கால்சியம் பம்பும் அதைச் செய்கின்றன.

தயாசைடு என்ற சிறுநீர்ப்பெருக்கி மருந்தில் நான் நெடுநாள் தவறாகவே புரிந்துவைத்திருந்தேன். சேய்மைக் குழலில் வேலை செய்யும் மருந்து, ஆகவே அங்கேதான் கால்சியத்தையும் மிச்சப்படுத்துகிறது என்று. ஆனால் டிஆர்பிவி5 இல்லாத எலிகளிலும் அந்த மருந்து சிறுநீர்க் கால்சியத்தைக் குறைத்தது. மருந்தால் உடலில் உப்பும் நீரும் குறைய, அண்மைக் குழல் சோடியத்தைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. கால்சியம் பின்னாலேயே போகிறது. உப்பு அதிகம் சாப்பிட்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

கடைசியாக ஒரு குழப்பம். பாராதைராய்டு ஹார்மோன் கால்சியத்தை மிச்சம் பிடிக்கிறது என்றால், அது அளவுமீறிச் சுரக்கும் நோயாளியின் சிறுநீரில் கால்சியம் குறைய வேண்டுமே? பெரும்பாலும் கூடுகிறது. எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் வந்து சேரும் கால்சியத்தால் வடிகட்டப்படும் அளவே ஏறிவிடுகிறது. சேய்மைக் குழல் எவ்வளவு இழுத்தாலும் மிஞ்சியது வழிகிறது.