கரையோர ஊர்களில் அரசு ஆப்களைப் பழக்குவது எப்படி

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகம் கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர். ஒரு தாளுக்காகப் போய்வந்தால் அன்றைய பாடு போச்சு. அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தும் ஆப் போனில் தங்கும். மிச்சப்படுத்தாதது, முகாமில் இறக்கிய அன்றே அழிக்கப்பட்டு வாட்ஸப் வீடியோவுக்கு இடம் விடும். மகளிர் குழு, மீனவர் சங்கம், கல்லூரிப் பிள்ளைகள் என்று யார் சொல்லிக்கொடுக்கப் போனாலும் இதை மனதில் வைத்துப் போகவேண்டும்.

புதுத் தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதற்கு ஆய்வாளர்கள் 2003-ல் வகுத்த பட்டியலில் நான்கு காரணங்கள் முக்கியம்: பயன், எளிமை, சுற்றியிருப்பவர் சொல், கைவசமுள்ள வசதி. பயிற்சி தருபவர்கள் பயனைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசுவார்கள். நம் கரையில் கவிழ்வதோ நான்காவதில்.

அதனால் ஆப்பை இறக்குமுன் ஆதாரில் பதிவான செல் எண்ணைப் பாருங்கள். ஆதார் இணையதளத்தில் 'ஆதார் செல்லுபடி சரிபார்ப்பு' என்ற பக்கம் இருக்கிறது. ஆதார் எண்ணையும் திரையில் தெரியும் எழுத்துகளையும் போட்டால், பதிவான செல் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் வரும். ஓடிபி தேவையில்லை. பலருக்கு அங்கேயே சிக்கல் தெரிந்துவிடும்: அது எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம்மாக இருக்கும். அப்படி விட்ட எண்ணை நிறுவனம் வேறொருவருக்கு விற்றுவிடலாம். உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். முதலில் ஆதாரில் எண்ணை மாற்றவேண்டும். அது முடியாமல் மேலே போவது வீண்.

வீட்டுக்கு ஒரே போன், அதுவும் கணவரோடு கடலுக்குப் போகிறது என்றால் இன்னொரு தொல்லை. ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகும். படகோ டவர் எட்டாத இடத்தில் நிற்கும். அம்மாவின் ஆதாரில் அம்மாவின் எண்தான் இருக்கவேண்டும். ரேஷன் அட்டைக்கும் கரையில் இருக்கிறவரின் எண்ணே நல்லது.

அடுத்து, ஒரு வீட்டுக்கு ஒரு வேலை. பத்து ஆப் காட்டாதீர்கள். பிள்ளை கல்லூரியில் சேரப்போகிறதா, பெரியவர் ஓய்வூதியம் வாங்குகிறாரா, வண்டி இருக்கிறதா என்று கேட்டு, அந்த வேலையை மட்டும் அவர் கையாலேயே முடிக்க வையுங்கள். போனை நீங்கள் வாங்கித் தட்டினால் வேலை முடியும், பழக்கம் வராது.

வண்டி வைத்திருப்பவருக்கு, ஆவணங்களைப் போனிலேயே வைத்திருக்க உதவும் அரசு ஆப்பான டிஜிலாக்கர். ஆதார் எண், 6 இலக்க ஓடிபி, பிறகு தானே வைக்கும் 6 இலக்க ரகசிய எண். உள்ளே தேடும் இடத்தில் ஓட்டுநர் உரிமத்தைத் தேர்ந்து அதன் எண்ணைக் கொடுத்தால் உரிமம் வந்து சேரும். வராவிட்டால் பெரும்பாலும் பெயர்ச் சிக்கல்: ஆதாரில் இனிஷியல் பின்னால், உரிமத்தில் முன்னால், அல்லது ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடக்குறைய. திரும்பத் திரும்ப முயன்று பயனில்லை, ஏதாவது ஒன்றில் திருத்தவேண்டும். இப்படி வந்த ஆவணம் அசலுக்குச் சமம் என்று டிஜிட்டல் லாக்கருக்கான 2016 விதிகள் சொல்கின்றன. கேலரியில் இருக்கும் போட்டோவுக்கு அந்த மதிப்பு கிடையாது. இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வலை இழுத்தும் உப்பு வாரியும் ரேகை தேய்ந்த விரல்களுக்கு முகப்பதிவு பெரிய வரம். ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றுக்கு ஜீவன் பிரமான் ஆப்போடு, முகத்தைப் படிக்கும் ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப்பையும் இறக்கவேண்டும். பலர் இரண்டாவதை விட்டுவிட்டு 'ஓடவில்லை' என்பார்கள். முதலில் உதவுபவரின் முகம், பிறகு பெரியவரின் முகம். வெளிச்சம் முகத்தில் விழவேண்டும். திண்ணையில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்து, பதிவு தோற்கும். கண்ணாடியைக் கழற்றி, ஒருமுறை கண் சிமிட்டச் சொல்லுங்கள்.

விசைப்படகுக்காரர்களிடம் பேச்சு வேறு. படகில் பொருத்தும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் என்ற செய்திக் கருவியோடு 'நப்மித்ரா' ஆப் ப்ளூடூத்தில் இணையும். செய்தி செயற்கைக்கோள் வழியாகப் போவதால் டவர் வேண்டாம். ஆபத்து அழைப்பு அனுப்பலாம், கடல் எல்லை நெருங்கினால் எச்சரிக்கும். 'எங்களைக் கண்காணிக்கவா?' என்பார்கள். ஆமாம், படகு இருக்கும் இடம் கரைக்குத் தெரியும், மறைக்காதீர்கள். கச்சான் காற்று அடிக்கும் நேரத்தில் எஞ்சின் நின்றால் தேடி வருபவர்களுக்கு அதே தகவல்தான் வழி. இரண்டையும் சொன்னால்தான் நம்புவார்கள். சாதாரண போனுக்கு டிஎன் அலர்ட் ஆப் வானிலை எச்சரிக்கை தரும், ஆனால் கரையில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும்.

காலமும் முக்கியம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாளும் ஆண்கள் கரையில். அறிவித்த நிவாரணம் 8,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுவதால், அப்போது எண்ணும் கணக்கும் சரியா என்று பார்க்க ஆர்வமும் இருக்கும். மீன் விற்கும் பெண்களுக்குப் பிற்பகல் தோதுப்படும். காலையில் கூப்பிட்டால் யார் வருவார்? கைத்துண்டு ஒன்று வைத்திருங்கள், ஈரக் கை பட்டால் திரை கேட்காது.

கடைசியாக, வாட்ஸப்பில் 'ஏபிகே' என்று முடியும் கோப்பாக வரும் எந்த அரசு ஆப்பையும் தொடவேண்டாம். உழவர் உதவித்தொகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயர்களில் அவை வரும். திறந்தால் ஓடிபிகளைத் திருடும். பிளே ஸ்டோரில் மட்டும் இறக்கி, பெயருக்குக் கீழே வெளியிட்டவர் யார் என்று படிக்கப் பழக்குங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்கவேண்டும். அந்த எண்ணை அன்றே அவர்கள் போனில் பதிந்துவிட்டு, பதினைந்து நாள் கழித்து மறுபடி வாருங்கள். ரகசிய எண்ணை மறந்தவர்கள் காத்திருப்பார்கள்.