கமாண்ட் பிராம்ப்டில் நெட்வொர்க் டிரைவை இணைப்பது எப்படி?

வேறொரு கணினியில் பகிர்ந்து வைத்திருக்கும் ஃபோல்டரை நம் விண்டோஸ் கணினியில் ஒரு டிரைவாகக் கொண்டுவர, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மவுஸைச் சொடுக்கியே செய்யலாம். ஆனாலும் புதிதாகப் பழகுபவர்களுக்குக் கமாண்ட் பிராம்ப்ட் என்ற சன்னலில் கட்டளையை அடிக்கும் வழியைத்தான் நான் சொல்லித் தருவேன். இணைப்பு கிடைக்காதபோது அது ஒரு பிழை எண்ணைக் காட்டும். அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும்.

கீழே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். புள்ளி, கோடு, இடைவெளி எல்லாம் இங்கே இருப்பது போலவே இருக்கட்டும்.

முதலில் மூன்று விவரங்கள் வேண்டும்: ஃபோல்டர் இருக்கும் கணினியின் பெயர் அல்லது ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்), ஃபோல்டர் எந்தப் பெயரில் பகிரப்பட்டிருக்கிறது என்பது, அந்தக் கணினியில் செல்லுபடியாகும் பயனர்பெயரும் பாஸ்வேர்டும். மூன்றாவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். லாகின் செய்ய அடிக்கும் நான்கு இலக்கப் பின் எண் இங்கே செல்லாது, அது அந்தக் கணினிக்குள் மட்டும்தான். கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் வழக்கமாக நெட்வொர்க் வழியே உள்ளே விடாது.

சரி, ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி கமாண்ட் பிராம்ப்டைத் திறங்கள். நிர்வாகி உரிமையோடு திறக்க வேண்டாம், காரணத்தை அப்புறம் சொல்கிறேன். இப்போது இந்த வரியை அடியுங்கள்:

நெட் யூஸ் இசட்: \\192.168.1.20\ஃபைல்ஸ் * /யூசர்:பயனர்பெயர்

முகவரி, ஃபோல்டர் பெயர், பயனர்பெயர் மூன்றையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். முகவரிக்கு முன்னால் வருவது இரண்டு பேக்ஸ்லாஷ். யூசருக்கு முன்னால் வருவது சாதாரண ஸ்லாஷ். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். நட்சத்திரக் குறி போட்டால் பாஸ்வேர்டைத் தனியாகக் கேட்கும். அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது. பயப்படாமல் முழுவதும் அடித்து என்டர் தட்டுங்கள். அந்த இடத்தில் பாஸ்வேர்டை நேரடியாக எழுதினாலும் வேலை நடக்கும், ஆனால் பக்கத்தில் நிற்பவர் கண்ணில் பட்டுவிடும். அதனால் நட்சத்திரத்தையே பழகிக்கொள்ளுங்கள்.

வெற்றிச் செய்தி வந்தால் இசட் டிரைவ் தயார். வராவிட்டால் எண்ணைப் பாருங்கள். 53 என்றால் அந்தக் கணினியையே எட்ட முடியவில்லை: முகவரி தவறு, அல்லது கணினி அணைந்திருக்கிறது, அல்லது ஃபயர்வால் (நெட்வொர்க் காவல் மென்பொருள்) ஃபோல்டர் பகிர்வுக்கான 445 என்ற போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, மறிக்கிறது. 67 வந்தால் பெரும்பாலும் பகிர்வுப் பெயரில் எழுத்துப்பிழை. 86, 1326 இரண்டும் பயனர்பெயர், பாஸ்வேர்டு பக்கம் பார்க்கச் சொல்பவை. 1326 விடாமல் வந்தால், பயனர்பெயருக்கு முன்னால் எதிர்க்கணினியின் பெயரையும் ஒரு பேக்ஸ்லாஷையும் சேர்த்துப் பாருங்கள். 85 என்றால் இசட் என்ற எழுத்து ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, வேறு எழுத்தைக் கொடுங்கள்.

அதிகம் குழப்புவது 1219. ஒரே சர்வருக்கு, அதாவது ஃபோல்டர் இருக்கும் கணினிக்கு, இரண்டு வெவ்வேறு பயனர்பெயரில் ஒரே நேரத்தில் இணைய விண்டோஸ் அனுமதிக்காது. முன்பே வேறு பெயரில் அந்தக் கணினிக்குள் போயிருப்பீர்கள், நினைவில் இருக்காது. வெறும் நெட் யூஸ் என்று அடித்தால் இருக்கும் இணைப்புகள் வரிசையாக வரும். பழையதைத் துண்டித்துவிட்டு (கட்டளை கடைசியில் இருக்கிறது) மறுபடி முயலுங்கள்.

நிர்வாகி விஷயத்துக்கு வருகிறேன். அந்த உரிமையோடு திறந்த சன்னலில் இணைத்த டிரைவ் பொதுவாக ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. இரண்டுக்கும் விண்டோஸ் தனித்தனி அமர்வு வைத்திருக்கிறது. இது தெரியாமல் நான் ஒரு மதியம் முழுவதும் சரியான கட்டளையையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். வெற்றிச் செய்தி வந்துகொண்டே இருந்தது, டிரைவை மட்டும் காணோம்.

கணினியை மறுபடி தொடங்கிய பிறகும் டிரைவ் இருக்க வேண்டுமானால் பாஸ்வேர்டைச் சேமித்து வைக்க வேண்டும். முதலில் இது:

சிஎம்டிகீ /ஆட்:192.168.1.20 /யூசர்:பயனர்பெயர் /பாஸ்

பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் வைத்துக்கொள்ளும். முன்பு இணைத்த இசட் இன்னும் இருந்தால், கடைசியில் சொல்லியிருக்கும் கட்டளையால் அதைத் துண்டித்துவிட்டு இதை அடியுங்கள்:

நெட் யூஸ் இசட்: \\192.168.1.20\ஃபைல்ஸ் /பெர்சிஸ்டென்ட்:யெஸ்

பலர் பயன்படுத்தும் பொதுக் கணினியில் இப்படிச் சேமிக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் துண்டிக்க:

நெட் யூஸ் இசட்: /டெலிட்

டெலிட் என்று இருப்பதால் ஃபைல்கள் அழிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம், இணைப்பு மட்டும்தான் போகும். ஃபைல் ஏதாவது திறந்திருந்தால் உறுதியா என்று கேட்கும். அப்போது இல்லை என்று சொல்லிவிட்டு, ஃபைலைச் சேமித்து மூடிய பிறகு துண்டியுங்கள்.