மாக்கிங்பேர்டும் வெறிநாயும்: ஹார்பர் லீ நாவலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களிடம் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில் விலங்குகள் எதைக் குறிக்கின்றன என்று கேட்டால் பதில் சட்டென்று வந்துவிடும். மற்றப் பறவைகளைப் போலவே பாடிக்காட்டும் மாக்கிங்பேர்ட் பறவை என்றால் டாம் ராபின்சனும் பூ ராட்லியும், அதாவது களங்கமின்மை. வெறிநாய் என்றால் இனவெறி. வழிகாட்டி நூல்களிலும் இதுதான் இருக்கிறது, மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் இதோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஹார்பர் லீ எழுதியதில் மிகக் கூர்மையான பகுதியைத் தொடாமலே போய்விடுகிறார்கள். இந்த நாவலில் விலங்கு வரும் முக்கியமான இடங்களில் எல்லாம் அதைப் பற்றி யாரோ ஒருவர் பேசுகிறார். யார் பேசுகிறார், எப்போது, யாரை மனதில் வைத்து என்பதையெல்லாம் விட்டுவிட்டு 'பறவை = இன்னார்' என்று எழுதுவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

கதை மறந்துபோனவர்களுக்காக: 1960இல் வெளிவந்து 1961இல் புலிட்சர் பரிசு பெற்ற நாவல் இது. 1930களின் அலபாமா மாநிலத்தில், மேகோம்ப் என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. மயெல்லா யூவெல் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை வல்லுறவு செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மீது பொய் வழக்கு. அவருக்காக வாதாடும் வழக்கறிஞர் ஆட்டிகஸ் ஃபின்ச். கதை சொல்பவள் அவருடைய மகள் ஸ்கவுட். பக்கத்தில் ஒரு வீட்டில் வெளியே தலைகாட்டாமலே வாழும் பூ ராட்லி.

முதலில் ஒரு சின்னத் தவறு, ஆனால் அடிக்கடி கண்ணில் படுவது. மாக்கிங்பேர்டைக் கொல்வது ஏன் பாவம் என்று விளக்கியவர் ஆட்டிகஸ் என்று எழுதுகிறார்கள். நாவலின் 10ஆம் அத்தியாயத்தில், பிள்ளைகளுக்குக் காற்றுத் துப்பாக்கி கிடைத்ததும், ப்ளூ ஜே பறவைகளை எத்தனை வேண்டுமானாலும் சுடு, மாக்கிங்பேர்டைக் கொல்வது மட்டும் பாவம் என்று ஆட்டிகஸ் தன் மகன் ஜெம்மிடம் சொல்கிறார். அதோடு சரி. எதையும் பாவம் என்று சொல்லாத அப்பா இதை மட்டும் ஏன் சொன்னார் என்று குழம்பிப்போய் ஸ்கவுட் எதிர்வீட்டு மிஸ் மாடியிடம் கேட்கிறாள். அவை பாடுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை, தோட்டத்தைத் தின்று அழிப்பதில்லை, தானியக் கிடங்கில் கூடு கட்டுவதில்லை என்ற விளக்கம் மாடியுடையது. 1962இல் வந்த திரைப்படத்தில் இந்த முழு வசனத்தையும் சாப்பாட்டு மேசையில் ஆட்டிகஸாக நடித்த கிரிகரி பெக் பேசிவிடுவதால்தான் இந்தக் குழப்பம். படம் பார்த்துவிட்டுப் பதில் எழுதியதை இந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடும்.

அதே போல, மாக்கிங்பேர்ட் அலபாமாவின் மாநிலப் பறவை என்று எழுத வேண்டாம். டெக்சஸ், ஃப்ளோரிடா, டென்னசி, மிசிசிப்பி, ஆர்கன்சா ஆகியவற்றுக்குத்தான் அது மாநிலப் பறவை. அலபாமாவுக்கு வேறொன்று, எல்லோஹாமர் என்ற மரங்கொத்தி.

களங்கமின்மை என்றால் சாதுத்தனம் என்று நினைப்பது

நான் அதிகம் கவலைப்படும் தவறு இது. மாடியின் விளக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். அந்தப் பறவையைக் கொல்லக் கூடாது, ஏனென்றால் அது யாருக்கும் தொல்லை தருவதில்லை. அப்படியானால் தொல்லை தருகிற ப்ளூ ஜே? அதைச் சுடலாம் என்று ஆட்டிகஸே சொல்லிவிட்டார். பறவைகளுக்கு இந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். மனிதர் மீது அப்படியே பொருத்தினால், சாதுவாக, பயன்படுகிறவராக, குரல் உயர்த்தாதவராக இருக்கும் கறுப்பருக்கு மட்டுமே உயிர் வாழ உரிமை உண்டு என்ற இடத்தில் கொண்டுபோய் விடும். 'டாம் ஒரு மாக்கிங்பேர்ட், அதனால் அவரைக் கொன்றது தவறு' என்று எழுதும் மாணவர் தனக்குத் தெரியாமலே இதைத்தான் சொல்கிறார்.

நீதிமன்றத்தில் ஆட்டிகஸ் இப்படி வாதாடவே இல்லை. 20ஆம் அத்தியாயத்தின் இறுதி வாதத்தைப் பறவையோடு சேர்த்து யாரும் படிப்பதில்லை, கட்டாயம் படிக்க வேண்டும். கறுப்பர்கள் எல்லாரும் பொய் சொல்பவர்கள், எல்லாரும் ஒழுக்கமற்றவர்கள் என்ற முன்முடிவை அவர் உடைக்கிறார். எப்படி? கறுப்பர்கள் மாசற்றவர்கள் என்று சொல்லி அல்ல. சில கறுப்பர்கள் பொய் சொல்கிறார்கள், சிலர் ஒழுக்கம் தவறுகிறார்கள், மனித குலம் முழுவதற்கும் பொருந்துகிற உண்மை இது, ஓர் இனத்துக்கு மட்டும் உரியதல்ல என்கிறார். டாமுக்கு அவர் கேட்பது எல்லாருக்கும் உள்ள சட்டம். பாட்டுப் பறவைக்குக் காட்டும் இரக்கத்தை அவர் கேட்கவில்லை.

டாம் இறந்த விதத்தையும் கவனியுங்கள். குற்றவாளி என்ற தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீடு பாக்கி இருக்கும்போதே சிறை வேலியை நோக்கி ஓடுகிறார், ஏறத் தொடங்குகிறார். உடம்பில் 17 குண்டுகள். இரண்டு கையும் நன்றாக இருந்திருந்தால் தப்பியிருப்பார், அவ்வளவு வேகம் என்று காவலர்கள் சொன்னதாக ஆட்டிகஸ் சொல்கிறார். சிறுவனாக இருந்தபோது பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்த இடது கை அவருடையது. வெள்ளையர்கள் தரும் வாய்ப்புகள் சலித்துப்போய்த் தன் வாய்ப்பைத் தானே எடுத்துக்கொண்டிருப்பார் என்பது ஆட்டிகஸின் ஊகம். இது ஒரு முடிவு. மரக்கிளையில் உட்கார்ந்து பாடியபடியே அடிபட்டு விழுந்த பறவையாக அவரை எழுதும்போது அந்த முடிவு காணாமல் போகிறது.

தலையங்கத்தை எழுதியவரை மறப்பது

டாமின் சாவைப் பறவைக்கொலையோடு ஒப்பிடுபவர் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் அண்டர்வுட். 25ஆம் அத்தியாயத்தில் வரும் அவருடைய தலையங்கத்தில் இருப்பது வேட்டைக்காரர்களும் சிறுவர்களும் அர்த்தமில்லாமல் கொல்லும் பாட்டுப் பறவைகள். பல விடைத்தாள்களில் இது மாக்கிங்பேர்டாக மாறிவிடுகிறது, அப்படி எழுத வேண்டாம். அதைவிட முக்கியம், இந்த அண்டர்வுட் கறுப்பர்களை வெறுப்பவர், பக்கத்திலேயே சேர்க்காதவர் என்று 16ஆம் அத்தியாயத்தில் ஆட்டிகஸ் வாயாலேயே கேள்விப்படுகிறோம். பறவையாகப் பார்த்தால் அவருக்கு இரக்கம் வருகிறது. அவரைப் படித்த மேகோம்ப்போ, பெரிய நகரப் பத்திரிகை எடுத்துப் போடட்டும் என்று கவித்துவமாக எழுதிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்கிறது. உருவகம் ஊரில் யாரையும் அசைக்கவில்லை என்பதை ஹார்பர் லீ பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.

வெறிநாயை வில்லனாக்குவது

நாய் மயெல்லாவின் அப்பா பாப் யூவெல்லைக் குறிக்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். டாமைக் குறிக்கிறது என்றுகூட வாசித்திருக்கிறேன். அந்தக் காட்சியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இரண்டும் நிற்காது.

டிம் ஜான்சன் என்பது நாயின் பெயர். பறவை வேட்டைக்குப் போகும் இனம், ஊருக்கே செல்லம். வெறிநாய் என்றால் வாயில் நுரை தள்ளும், பாய்ந்து குரல்வளையைக் கடிக்கும், அதுவும் ஆகஸ்ட் வெயிலில்தான் வரும் என்று ஜெம் நம்பிக்கொண்டிருக்கிறான். இதுவோ பிப்ரவரி. நாய் ஓடவும் இல்லை, குரைக்கவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டு வருவதுபோல அங்குலம் அங்குலமாகத் தெருவில் நடந்து வருகிறது. ஃபின்ச் வீட்டில் சமையல் செய்யும் கல்பூர்னியா தொலைபேசியில் தெருவையே எச்சரிக்கிறாள், ராட்லி வீட்டுக் கதவையும் போய்த் தட்டுகிறாள். நாய் வந்து நிற்பது அந்த ராட்லி வீட்டுக்கு முன்னால். குறி தவறினால் குண்டு நேராக வீட்டுக்குள் போகும் என்று ஷெரீஃப் ஹெக் டேட் பயந்து துப்பாக்கியை ஆட்டிகஸ் கையில் கொடுக்கிறார். ஒரே குண்டு.

இதற்கு முந்திய அத்தியாயத்திலேயே ஆட்டிகஸ் தன் தம்பி ஜாக்கிடம் 'மேகோம்ப்பின் வழக்கமான நோய்' பற்றிப் பேசியிருக்கிறார். நியாயமானவர்கள்கூடக் கறுப்பர் சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால் பித்துப் பிடித்தவர்களாகிவிடுகிறார்கள் என்பது அவருடைய வேதனை. நாயையும் இந்தப் பேச்சையும் சேர்த்துப் படியுங்கள். எல்லாரும் தட்டிக்கொடுத்து வளர்த்த நாய்க்குள் நோய் புகுந்திருக்கிறது. எதிர்பார்த்த பருவத்தில் வரவில்லை, எதிர்பார்த்த தோற்றத்திலும் வரவில்லை. பக்கத்து வீட்டு நல்லவர், கடைக்காரர், நடுவர் குழுவில் உட்காரும் விவசாயி ஆகியோரிடம் இருக்கும் முன்முடிவு இப்படித்தான் நடந்து வருகிறது. யூவெல்லுக்கு ஹார்பர் லீ தேர்ந்தெடுத்த விலங்கே வேறு: சாட்சிக் கூண்டுக்கு நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் குட்டிச் சேவல். செத்த பிறகும் அந்த நாய் உயிரோடு இருந்த அளவுக்கு ஆபத்தானது, பக்கத்தில் போகாதே என்று ஆட்டிகஸ் ஜெம்மை எச்சரிப்பதை மேற்கோள் காட்டாமல் இந்தக் குறியீட்டைப் பற்றி எழுதவே கூடாது என்பேன்.

21ஆம் அத்தியாயத்தில் தீர்ப்புக்குக் காத்திருக்கும் ஸ்கவுட்டுக்கு அந்தப் பிப்ரவரிக் காலை நினைவுக்கு வருகிறது. அப்பா தெருவில் இறங்கித் துப்பாக்கியைத் தூக்கிச் சுடுவதைப் பார்ப்பதுபோல, ஆனால் துப்பாக்கியில் குண்டு இல்லை என்று தெரிந்துகொண்டே பார்ப்பதுபோல இருந்தது என்கிறாள். ஒரு நாயைச் சுட முடிந்தவரால் 12 பேருக்குள் இருக்கும் நோயைச் சுட முடியவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த இரண்டு காட்சியிலும் மாக்கிங்பேர்டுகள் அமைதியாக இருப்பதால், பறவை மௌனமானால் ஆபத்து என்று விதி எழுதிவிடுகிறார்கள். பிள்ளைகளை யூவெல் தாக்கும் ஹாலோவீன் இரவில், 28ஆம் அத்தியாயத்தில், ராட்லி வீட்டு மரத்தில் ஒரு மாக்கிங்பேர்ட் யாருடைய மரம் என்றுகூடத் தெரியாமல் பாடித் தீர்க்கிறது. அதன் பாட்டில் ப்ளூ ஜேயின் கத்தலும் இருக்கிறது. சூத்திரமாக்கினால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சின்ன உயிர்களைத் தாண்டிப் போவது

25ஆம் அத்தியாயம் ஒரு சுருட்டைப் பூச்சியோடு தொடங்குகிறது. ஸ்கவுட் தொட்டால் சுருண்டுகொள்கிறது, கொஞ்ச நேரம் பொறுத்து விரிந்து நகர்கிறது. நசுக்கக் கை இறங்கும்போது ஜெம் தடுக்கிறான்: அது உன்னை ஒன்றும் செய்யவில்லையே. அவள் அதை எடுத்து வெளியே விடுகிறாள். அடுத்த சில பக்கங்களில், கணவன் செத்த செய்தி கேட்டு டாமின் மனைவி ஹெலன் மண்ணில் விழுந்ததைப் பிள்ளைகளின் நண்பன் டில் விவரிக்கிறான். பெரிய கால் கொண்ட ஒரு ராட்சசன் வந்து மிதித்ததுபோல, எறும்பை மிதிப்பதுபோல என்கிறான். இந்த இரண்டையும் சேர்த்துப் பேசும் விடைகள் மிக அரிது.

முதல் அத்தியாயத்தில் பூ ராட்லி பச்சை அணிலையும் அகப்பட்ட பூனையையும் தின்பவன் என்று பிள்ளைகள் நம்புவதையும் விட்டுவிடாதீர்கள். ஊரில் கோழிகளும் வளர்ப்புப் பிராணிகளும் சிதைந்து கிடந்தபோது பழி ராட்லி வீட்டின் மேல் விழுந்தது. உண்மையான ஆள் யாரென்று தெரிந்த பிறகும் ஊர் அந்த வீட்டையே சந்தேகமாகப் பார்த்தது. முன்முடிவு எப்படி வேலை செய்கிறது என்று இதைவிடச் சுருக்கமாக நாவலில் வேறெங்கும் சொல்லப்படவில்லை. வெள்ளையர் மீதும் அது பாயும் என்பதற்கும் இதுவே சான்று.

குடும்பப் பெயர் ஃபின்ச் என்பதும் ஒரு பறவைதான் என்று பக்கம் பக்கமாக எழுதுவது தேவையில்லை. ஹார்பர் லீயின் தாய் பிறந்த வீட்டுப் பெயரே ஃபின்ச்.

முடிவை இனிப்பாக்குவது

30ஆம் அத்தியாயத்தில், பிள்ளைகளைக் காப்பாற்ற யூவெல்லைக் கொன்ற பூ ராட்லியை ஊர் முன் நிறுத்த வேண்டாம் என்று ஹெக் டேட் முடிவெடுக்கிறார். யூவெல் தன் கத்தி மேலேயே விழுந்தான் என்பது அவர் சொல்லும் கதை. பூவை ஊர் முன் நிறுத்துவது மாக்கிங்பேர்டைச் சுடுவதுபோலத்தானே என்று ஸ்கவுட் கேட்கிறாள். குழந்தையின் பக்குவம் என்று பாராட்டிவிட்டு விடையை முடித்துவிடுவது வழக்கம். இங்கே பறவையாகிறவர் ஒரு கொலை செய்தவர் என்பதை எழுதுங்கள். 25ஆம் அத்தியாயத்தையும் பக்கத்தில் வையுங்கள். வெள்ளையரான பூவுக்கு அந்த ஒப்புமை உயிரோடிருக்கும்போதே, நீதிமன்றத்துக்கே போகாமல் காப்பாற்றும் நேரத்தில் கிடைக்கிறது. எந்தக் குற்றமும் செய்யாத டாமுக்கு நீதிமன்றம் கிடைத்தது, தண்டனை கிடைத்தது, பறவை என்ற பெயர் செத்த பிறகு செய்தித்தாளில் கிடைத்தது.